மாடித்தோட்டத்தில் தெர்மல் கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு மொட்டைமாடியில் கத்திரி, தக்காளி, மிளகாய், கீரைகள், இரண்டு தொட்டித் தாமரைகள் என்று அறுபது தொட்டிகளுக்கு மேல் வளர்த்து வருகிறேன். கைபேசியில் செருகிக்கொள்ளும் சிறிய தெர்மல் கேமரா ஒன்றை மூன்று கோடைகளாகத் தோட்டத்தில் பயன்படுத்துகிறேன். அதைப் பார்த்த தோட்ட நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தெர்மல் கேமரா உண்மையில் எதைப் பார்க்கிறது?

சூடுள்ள எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ற அளவில் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. இலையும் மண்ணும் தொட்டியும் நம் உடம்பும் வெளியிடும் அந்தக் கதிர்களில் 8 முதல் 14 மைக்ரான் வரை அலைநீளமுள்ள பகுதியை வாங்கி, ஒவ்வொரு புள்ளியின் சூட்டையும் ஒரு நிறமாக மாற்றிக் காட்டுவதே இந்தக் கேமராவின் வேலை. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறக் கண்டபோது கண்டுபிடித்தது இந்தக் கதிர்களைத்தான்.

இது ஊடுருவிப் பார்க்கும் கருவி அன்று என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தண்டுக்குள் இருக்கும் புழுவையோ மண்ணுக்குள் இருக்கும் வேரையோ இது காட்டாது. மேற்பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும். உள்ளே நடப்பது மேற்பரப்பின் சூட்டை மாற்றினால்தான் நமக்குச் செய்தி கிடைக்கும்.

இலையின் சூட்டுக்கும் செடியின் நலத்துக்கும் என்ன தொடர்பு?

வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதியைச் செடி தன் இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளியே விடுகிறது. இந்த நீராவிப்போக்குதான் இலையைக் குளிர்விக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பத்தைக் கொண்டு ஏழு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிக்க வைத்துவிடலாம் என்றால், ஒரு தக்காளிச் செடி கோடை வெயிலை எப்படித் தாங்குகிறது என்பது புரியும். நீர் போதாதபோது செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. உடனே இலையின் சூடு ஏறுகிறது. இலை துவளுவதற்கு முன்பே இது நிகழ்ந்துவிடுவதால், கண்ணுக்குத் தெரியாத தாகம் கேமராவுக்குத் தெரிகிறது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில் ரே ஜாக்சன், ஷெர்வுட் இட்ஸோ முதலிய ஆய்வாளர்கள் 1981-இலேயே இலைச்சூட்டைக் கொண்டு பயிரின் நீர் நெருக்கடியை 0 முதல் 1 வரை ஒரு குறியீடாகச் சொல்லும் முறையை வகுத்துவிட்டார்கள். 2018-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட எகோஸ்ட்ரெஸ் என்ற கருவி இதே தத்துவத்தைக் கொண்டுதான் மேலிருந்து வயல்களையும் காடுகளையும் அளக்கிறது.

எந்த நேரத்தில் படம் எடுக்க வேண்டும்?

தாகத்தைப் பார்ப்பதற்கு, வெயில் நன்றாக ஏறி, மேகம் குறுக்கிடாத முற்பகலே சிறந்தது. நான் பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டரைக்குள் எடுத்து முடித்துவிடுவேன். அதிகாலையில் எல்லா இலைகளும் காற்றின் சூட்டுக்கு அருகிலேயே இருக்கும் என்பதால் வேறுபாடு தெரியாது. மேகம் கடந்துபோன ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் எடுத்தால் இலைச்சூடு நிலைபெற்றிராது.

சென்னையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் ஈரப்பதம் ஏறிவிடும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் இலையிலிருந்து நீர் ஆவியாவது குறையும். அதனால் நன்றாக நீர் குடித்த செடிக்கும் குடிக்காத செடிக்கும் இடையிலான சூட்டு வேறுபாடும் சுருங்கிவிடும். கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ வறண்ட காற்றில் நான்கைந்து டிகிரியாகத் தெரியும் வேறுபாடு கடற்கரையோரத்தில் இரண்டு டிகிரியாகவே தெரியலாம். ஆகவே வேறோர் ஊர்க்காரர் சொல்லும் எண்ணை உங்கள் தோட்டத்துக்கு அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்.

சிவப்பாகத் தெரியும் செடிக்கு உடனே தண்ணீர் ஊற்றிவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். செடி நீர் குடிக்கவில்லை என்பதை மட்டுமே கேமரா சொல்கிறது. ஏன் குடிக்கவில்லை என்று அது சொல்வதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் நான் ஒரு செடியை இழந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அருகருகே இருந்த இரண்டு கத்திரிச் செடிகளில் ஒன்று 33 டிகிரியும் மற்றொன்று 37 டிகிரியும் காட்டின. சூடான செடிக்குத் தாகம் என்று முடிவு செய்து இரண்டு நாள் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாளும் சூடு குறையவில்லை. நுனி இலைகள் பிற்பகலில் பச்சை மாறாமலேயே தொங்கத் தொடங்கின. அதன் பிறகுதான் விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். மண் சொதசொதவென்று இருந்தது. அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டுமுனை நீருக்குள் இருக்குமாறு பிடித்தேன். சில நிமிடங்களில் அந்த முனையிலிருந்து பால் நூலிழை போல வெண்மையாக ஒன்று கீழே இறங்கியது. அது பாக்டீரியா வாடல் நோய். நோய்க்கிருமிகள் தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிட்டதால் மண்ணில் எவ்வளவு நீர் இருந்தும் இலைக்கு ஏறவில்லை. நான் ஊற்றிய நீர் நோய்க்கே சாதகமாயிற்று.

எனவே சூடான இலையைக் கண்டால் அடுத்த வேலை மண்ணைத் தொட்டுப் பார்ப்பது. இலை சூடு, மண் உலர்வு என்றால் தண்ணீர்க் குறை. இலை சூடு, மண் ஈரம் என்றால் வேரிலோ தண்டிலோ கோளாறு: வேர் அழுகல், நூற்புழு, வாடல் நோய், வடிகால் அடைப்பு ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். வாடல் நோய் உறுதியானால் செடியை மண்ணோடு அகற்றிவிட்டு, அந்த மண்ணில் கத்திரி, தக்காளி, மிளகாய் எதையும் மீண்டும் வைக்காதீர்கள். சுண்டைச் செடியின் வேர்ப்பாகத்தில் ஒட்டுக்கட்டிய கத்திரி நாற்று இந்த நோயைப் பெரிதும் தாங்கும்.

எத்தனை டிகிரி இருந்தால் ஆபத்து என்று ஓர் எண் சொல்ல முடியுமா?

முடியாது. சிறிய கேமராக்களின் அளவீடு பொதுவாக 2 டிகிரி வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அவற்றைச் செய்பவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஒரே படத்துக்குள் இருக்கும் இரு புள்ளிகளின் வேறுபாட்டை அவை மிக நுட்பமாகப் பிரித்துக் காட்டும். பத்தில் ஒரு டிகிரி வேறுபாட்டைக்கூட உணரும். அதனால் தனி எண்ணை நம்பாமல், ஒரே வகைச் செடி, ஒரே வயது, ஒரே வெயில், ஒரே படம் என்று வைத்துப் பக்கத்துச் செடியோடு ஒப்பிட வேண்டும்.

இன்னும் துல்லியம் வேண்டுபவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. அதே செடியில் ஓர் இலையின் இருபுறமும் வாசலின் (Vaseline) களிம்பைத் தடவிவிடுங்கள். துளைகள் அடைபட்டு அது குளிர முடியாத இலையாகிவிடும். இன்னோர் இலையில் தண்ணீரைத் தெளியுங்கள். அது முழுதும் குளிர்ந்த இலை. மற்ற இலைகள் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். நனைந்த இலை 29, வாசலின் இலை 39, சாதாரண இலை 31 என்றால் செடி நன்றாகவே குடிக்கிறது. சாதாரண இலை 37 என்றால் ஏறத்தாழ நிறுத்திவிட்டது. தெளித்த நீர் வெயிலில் விரைவில் காய்ந்துவிடும் என்பதால் படம் எடுப்பதற்குச் சற்று முன்புதான் தெளிக்க வேண்டும்.

நிறங்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. காட்சியில் உள்ள மிகக் குளிர்ந்த புள்ளிக்கு நீலமும் மிகச் சூடான புள்ளிக்கு வெண்மஞ்சளும் தானாகவே கொடுப்பது இந்தக் கேமராக்களின் வழக்கம். காட்சி முழுவதும் ஒன்றரை டிகிரிக்குள் அடங்கியிருந்தாலும் படம் தீப்பற்றியது போலத் தெரியும். நிற அளவை 25 முதல் 45 டிகிரி என்று நிலையாகப் பூட்டிவிட்டால் ஒரு நாளின் படத்தை மறுநாள் படத்தோடு ஒப்பிடலாம். பூட்டும் வசதியில்லாத கேமராவில் நிறத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படியுங்கள்.

கற்றாழையும் டிராகன் பழக் கொடியும் எப்போதும் சூடாகவே தெரிகின்றன. நோயா?

இல்லை. கற்றாழை, டிராகன் பழம், அன்னாசி, பல ஆர்க்கிட் வகைகள் ஆகியவை பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து இரவில் திறக்கும் இயல்புடையவை. பகற்சூடு அவற்றுக்கு இயல்பானது.

க்ரோ பேக், தொட்டி ஆகியவற்றின் சூட்டை அறிய இது உதவுமா?

இலையைவிட இதற்குத்தான் எனக்கு அதிகம் உதவியது என்பேன். கத்திரி வெயில் நாட்களில் மாலை மூன்று மணிக்கு எடுத்த ஒரு படத்தில் தளத்தின் சிமென்ட் 58 டிகிரி, கறுப்பு க்ரோ பேக்கின் மேற்குப் பக்கம் 49, அதே பையின் கிழக்குப் பக்கம் 36 என்று இருந்தன. பல காய்கறிச் செடிகளின் வேர்கள் 35 டிகிரிக்கு மேல் தடுமாறத் தொடங்கும். அந்தப் பருவம் முடிந்து பையைப் பிரித்தபோது கிழக்குப் பக்கத்து வேர்கள் வெள்ளையாகப் பையின் ஓரம் வரை படர்ந்திருக்க, மேற்குப் பக்கத்தில் நான்கு விரற்கடை அகலத்துக்கு மண் மட்டுமே இருந்தது. அங்கே வந்த வேர்கள் பழுப்பேறிக் கருகியிருந்தன. தண்ணீர் சரியாக ஊற்றியும் செடி ஏன் பாதி அளவே வளர்ந்தது என்பது அப்போது விளங்கியது.

அதன் பின் செய்தவை எளியவைதான். பைகளைத் தனித்தனியாக வைக்காமல் நெருக்கி வைத்து, மேற்கு ஓரத்து வரிசைக்குப் பழைய கோணிச் சாக்கைத் திரையாகக் கட்டினேன். தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கற்கள் மீது ஏற்றி, அடியில் காற்று ஓட விட்டேன். மண்ணின் மேல் தென்னை மட்டைத் துண்டுகளையும் சருகுகளையும் மூடாக்காகப் பரப்பினேன். கறுப்புப் பைகளுக்கு மாற்றாக வெளிப்புறம் வெள்ளையான பைகளை வாங்கினேன். வெண்மைக்கும் கருமைக்கும் கேமராவின் பார்வையில் வேறுபாடு ஏறத்தாழ இல்லை என்பதால், வெள்ளைப் பை குளிர்ந்ததாகத் தெரிந்தால் அது உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறது என்று நம்பலாம். மண்தொட்டிகள் தனி இனம்: பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல அவற்றின் சுவர் வழியே கசியும் நீர் ஆவியாகி வேரையும் குளிர்விக்கிறது. படத்தில் ஈரமான மண்தொட்டியைப் பார்த்தாலே இது தெரியும். அதே காரணத்தால் அவை விரைவில் காயும் என்பதையும் மறக்கக் கூடாது.

வெயிலில் கிடக்கும் தண்ணீர்க் குழாயையும் ஒருமுறை படம் எடுத்துப் பாருங்கள். அதில் தேங்கிய நீரை நேராக நாற்றுக்கு விட்டால் அது வெந்நீர். முதலில் வரும் நீரை ஒரு வாளியில் பிடித்து ஆறவைத்து, அதன் பிறகு பயன்படுத்துவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

நோயையும் பூச்சியையும் முன்கூட்டியே காட்டுமா?

ஆய்வகத்தில் காட்டியிருக்கிறது. பெல்ஜியம் நாட்டு கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தேமல் வைரஸ் தாக்கிய புகையிலை இலையில் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிவதற்கு ஏறத்தாழ 8 மணி நேரத்துக்கு முன்பே அந்த இடங்கள் சற்றுச் சூடாவதைப் படம்பிடித்தார்கள். ஆனால் அந்தச் சூட்டு வேறுபாடு அரை டிகிரிக்கும் குறைவு; காற்றும் வெயிலும் மாறாத அறையில்தான் அதைப் பிரித்தறிய முடியும். மொட்டைமாடியில் ஓர் இலை சற்றுத் திரும்பினாலே அதைவிடப் பெரிய வேறுபாடு வந்துவிடும். மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகியவை கேமராவில் தெரியமாட்டா. அவற்றுக்கு இலையைத் திருப்பிப் பார்ப்பதும் ஒரு கைலென்சும்தான் வழி.

சொட்டுநீர்க் குழாயில் அடைப்பைக் கண்டுபிடிக்கலாமா?

நன்றாகக் கண்டுபிடிக்கலாம். நீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்து மேலிருந்து ஒரு படம் எடுத்தால் ஈரமான மண் குளிர்ந்த வட்டமாகத் தெரியும்; வட்டம் இல்லாத தொட்டியில் சொட்டுவான் அடைத்திருக்கிறது. மூடாக்கு கனமாக இருந்தால் மட்டும் விலக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

எந்தப் பொருள்கள் கேமராவை ஏமாற்றும்?

பளபளப்பான உலோகங்கள் முதலிடம். இலை, மண், நீர், சிமென்ட் ஆகியவற்றின் உமிழ்திறன் (தன் சூட்டைக் கதிராக வெளியிடும் திறன்; முழு அளவு 1) 0.9-க்கு மேல் இருப்பதால் அவை தம் சூட்டை ஏறத்தாழ உள்ளபடி காட்டுகின்றன; கேமராவில் 0.95 என்று வைத்தால் தோட்ட வேலைக்குப் போதும். மெருகேறிய அலுமினியமும் எவர்சில்வரும் தம் சூட்டைக் காட்டாமல், எதிரில் இருப்பதன் சூட்டைக் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். எவர்சில்வர்த் தொட்டியில் வானம் பிரதிபலித்தால் அது பனிக்கட்டி போலத் தெரியும்; தொட்டால் கை சுடும். அதன் மேல் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப் ஒரு துண்டை ஒட்டி, அந்த இடத்தைப் படித்தால் சரியான எண் கிடைக்கும்.

கண்ணாடி இந்தக் கதிர்களை உள்ளே விடுவதில்லை. சன்னல் வழியே தோட்டத்தைப் பார்க்க முயன்றால் சன்னலின் சூடும் உங்கள் உருவமுமே தெரியும். மெல்லிய பாலித்தீன் ஓரளவு உள்ளே விடுவதால் பசுமைக்குடில் உறையின் வழியே தெரிவது இரண்டும் கலந்த எண். அதையும் நம்ப வேண்டாம்.

தோட்டத்தால் மாடித் தளத்தில் நீர் இறங்குகிறதா என்று பார்க்கலாமா?

பார்க்கலாம், மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பார்க்கவும் வேண்டும். வெயில் அடித்த நாளில் பொழுது சாய்ந்த பின் தளத்தைப் படம் எடுங்கள். நீர் ஊறிய இடம் அதிக வெப்பத்தைச் சேமித்து வைத்திருப்பதால், சுற்றியுள்ள தளம் ஆறிய பிறகும் அது வெதுவெதுப்பாக நிற்கும். கீழ்த்தளத்து உட்கூரையில் இதற்கு மாறாக, கசிந்த நீர் ஆவியாகும் இடம் குளிர்ந்த திட்டாகத் தெரியும். தொட்டிகளை நகர்த்திவிட்டு ஒன்றிரண்டு நாள் தளத்தைக் காயவிட்ட பின் பாருங்கள். மேலே சிந்திய நீரைக் கசிவு என்று எண்ணிக்கொள்ள நேராது.

பாம்பு இருந்தால் காட்டுமா?

இதை நம்பிப் புதருக்குள் கை வைக்காதீர்கள். எலி, பெருச்சாளி, பூனை ஆகியவை வெப்ப இரத்த விலங்குகள். இரவில் பளிச்சென்று தெரியும். பாம்பின் உடல் பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் சூட்டிலேயே இருப்பதால் அது மண்ணோடு மண்ணாக மறைந்துவிடும். தழையின் பின்னால் இருப்பது எதையும் இந்தக் கேமரா காட்டாது. டார்ச்சும் நீண்ட கோலும் கால்களுக்குக் காலணியும்தான் பாதுகாப்பு.

எப்படிப்பட்ட கேமரா வாங்கலாம்?

ஐந்து பத்துத் தொட்டிகள் மட்டுமே வைத்திருப்பவருக்குக் கேமரா தேவையில்லை. காய்ச்சல் பார்க்கும் கருவியைப் போலத் துப்பாக்கி வடிவில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி போதும். 12:1 என்று குறித்திருந்தால், 12 செ.மீ. தொலைவில் 1 செ.மீ. அகல வட்டத்தின் சராசரிச் சூட்டை அது படிக்கும் என்று பொருள். உடம்புச் சூடு பார்ப்பதற்கென்றே செய்தது குறுகிய எல்லைக்குள்தான் அளக்கும். பொதுப்பயன்பாட்டுக்கானதைக் கேட்டு வாங்குங்கள்.

கேமரா வாங்குவதானால் 160×120 புள்ளிகளுக்குக் குறையாமல் பாருங்கள். 256×192 இன்னும் நல்லது. 160 புள்ளிக் கேமராவின் பார்வைக் கோணம் 57 டிகிரி என்றால், ஒரு மீட்டர் தொலைவில் ஒரு புள்ளி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அகலத்தை அடக்குகிறது. நம்பகமான எண்ணுக்கு மூன்றுக்கு மூன்று புள்ளிகளாவது இலைக்குள் விழ வேண்டும். கத்திரி இலைக்கு இது எளிது. மிளகாய் இலைக்கு அரை மீட்டருக்கு நெருங்க வேண்டியிருக்கும். இடையிடையே கேமராவுக்குள்ளிருந்து "டக்" என்று ஓர் ஒலி எழுந்து படம் ஒரு கணம் உறைந்தால் பழுது என்று அஞ்ச வேண்டாம். சிறிய மூடி ஒன்று குறுக்கே வந்து உணரிகளைச் சமன்செய்கிறது. எடுத்த உடனே அளக்காமல் ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு அளந்தால் எண்கள் நிலையாக இருக்கும்.

என் தொட்டித் தாமரை இரவில் சூடாகத் தெரிகிறது. கேமரா பழுதா?

பழுதன்று, தாமரையே சூடாகத்தான் இருக்கிறது. தன் சூட்டைத் தானே உண்டாக்கிச் சீராக வைத்துக்கொள்ளும் மிகச் சில தாவரங்களில் அதுவும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் ரோஜர் சீமோர் குழுவினர் அளந்து 1996-இல் வெளியிட்டபடி, வெளிக்காற்று 10 முதல் 30 டிகிரி வரை மாறினாலும் பூவின் உட்பகுதி 30 முதல் 36 டிகிரிக்குள் நிற்கிறது. சேனைக்கிழங்கின் பூவும் மணம் பரப்பும் நேரத்தில் இப்படிச் சூடேறும்.

சென்னையின் கோடை இரவில் காற்றே 28, 29 டிகிரி இருப்பதால் இது தெளிவாகத் தெரியாது. மார்கழியில் தாமரை பூப்பது அரிது என்றாலும், எப்போதாவது ஒரு மொட்டு விரிந்தால் விடியலுக்கு முன் மாடிக்குப் போய்ப் பாருங்கள். இலைகளும் தொட்டியும் தண்ணீரும் கருநீலமாகக் கிடக்க, இதழ்களுக்கு நடுவே பொகுட்டு மட்டும் வெண்மஞ்சளாக ஒளிரும். பூ விரியும் நாட்கள் சிலவற்றுக்கே இந்தச் சூடு நீடிக்கும்; இதழ்கள் உதிரும்போது பொகுட்டும் ஆறிச் சுற்றியுள்ளவற்றின் நிறத்துக்குத் திரும்பிவிடும்.